பாதித் தொங்கில் ஒரு வானாய்வகம்

என் தம்பி இந்தியாவுக்குப் பெண் பார்க்கப் போய்ச் சுவர் பார்த்துவிட்டு வந்தவன்.

யார் கேட்டாலும் இந்தக் கதையை நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். பக்கத்தில் அவன் இருந்தாலும் ஆரம்பிப்பேன். அவனுக்குக் கோபம் வராது. எங்கள் குடும்பத்துக் கோபமெல்லாம் மொத்தமாக என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. லிப்ட் கதவு மூடும்வரைகூட எனக்குப் பொறுமை கிடையாது, பொத்தானைக் குத்திக்கொண்டே இருப்பேன். அவனோ சோறு வேகும்வரை பானையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ரகம்.

நாற்பத்து நாலு வயது. மலேசியாவில், சிரம்பானுக்குப் பக்கத்துச் சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. குடி கிடையாது, சிகரெட் கிடையாது, வாய் கிடையாது. அந்த மூன்றாவது இல்லாததால்தான் கல்யாணமும் இல்லை என்பது என் கணிப்பு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவன் என் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தான். இவனுக்கு ஒரு வழி பண்ணாமல் கண்ணை மூடக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். அப்போதுதான் உறவுக்காரர் ஒருவர் சேலத்துப் பக்கம் ஒரு வரன் இருப்பதாகச் சொன்னார்.

"போறதுதான் போறேன், ஒரு டூர் குரூப்போட வடக்கயும் பாத்துட்டு வந்துடறேன்க்கா" என்றான்.

"முதல்ல பொண்ணப் பாரு, அப்புறமா கோட்டையப் பாரு."

அவன் கோட்டையை முதலில் பார்த்தான். சேலத்துக்குப் போனபோது பெண் வீட்டார் மலேசியாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இவன் போனை எடுத்து ஜெய்ப்பூர் சுவர்களை ஒரு மணி நேரம் காட்டியிருக்கிறான். மறுநாளே அவர்கள் உறவுக்காரருக்குப் போன் செய்து, மாப்பிள்ளை நல்ல மாதிரிதான், ஆனால் ஒரு மாதிரி என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சுவர்களை நானும் பார்த்தேன், பார்க்காமல் தப்ப முடியவில்லை. வானத்தைப் பார்த்து ஏறுகிற பெரிய கல் படிக்கட்டு. மேலே போனால் ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் வளைந்த கல் மேடை. படிக்கட்டின் நிழல் அந்த மேடைமேல் நகர்ந்து நேரம் சொல்லுமாம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜா கட்டினது. அதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல்லும் கிடையாது, கட்டடமும் கிடையாது. பன்னிரண்டு விரல் உயரத்தில் ஒரு குச்சி, ஒரு கயிறு, அடியில் ஓட்டை போட்ட ஒரு செம்பு. செம்பைத் தண்ணீரில் மிதக்க விட்டு, அது மூழ்குகிற நேரத்தை ஒரு நாழிகை என்று எண்ணியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய வானாய்வகம். அதை வைத்துக்கொண்டு கிரகணத்தை முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள்.

"பூமிதான் சுத்துதுன்னு ஒருத்தர் அப்பவே எழுதிட்டாருக்கா. படகுல போறவனுக்குக் கரையில இருக்கற மரம் பின்னால போற மாதிரி தெரியும்ல, அப்படித்தான் நட்சத்திரமும்னு. எழுதுனப்ப அவருக்கு இருபத்து மூணு வயசு."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இருபத்து மூணு வயசுல நீ என்ன பண்ணே? புது மோட்டர் சைக்கிள வாங்குன மறுநாளே வாய்க்கால்ல விட்டே."

அவன் சிரித்தான். ஆனால் விடவில்லை. தானும் ஒன்று செய்யப் போவதாகச் சொன்னான். எங்கே என்று கேட்டதற்கு, நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்றான்.

ரெம்பாவ் போகிற வழியில் உள்ளே திரும்பினால் நாங்கள் பிறந்த தோட்டம். ரப்பர் போய், எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை எப்போதோ இடித்துவிட்டார்கள். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டும் நிற்கின்றன. சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலிருந்து வேனில் பிள்ளைகள் வருகிறார்கள். தலைமையாசிரியர் தம்பியோடு படித்தவர் என்பதால், திடலின் ஒரு மூலையைக் காட்டி எதையாவது செய்துகொள் என்று விட்டுவிட்டார்.

இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனை வீட்டில் பார்க்க முடியவில்லை. இரும்புச் சட்டம், தகடு, வெல்டிங் மெஷின் எல்லாவற்றையும் லோரியில் ஏற்றிக்கொண்டு போனான். ஜெய்ப்பூர் படத்தை அளந்து, அதே சாய்வில், ஆள் உயரத்துக்கு இரும்பில் ஒரு குட்டிப் படிக்கட்டும், நிழல் விழ இரண்டு பக்கமும் வளைந்த தகடும் செய்து நட்டான். படியெல்லாம் எதற்கு என்று மேல்பக்கத்தைத் தகடு போட்டு வழவழவென்று மூடிவிட்டான். திங்கட்கிழமை காலை பள்ளி மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் அதில் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, இது சூரிய கடிகாரம் பிடிக்கப் போய்ச் சறுக்கு மரமாய் முடிந்தது. தலைமையாசிரியருக்குப் பரம சந்தோஷம். சறுக்கு மரம் கேட்டு அவர் எத்தனையோ தடவை மனுப் போட்டிருக்கிறாராம்.

சறுக்குவதுகூடப் பரவாயில்லை. நேரம்தான் சொல்லவில்லை. நிழல் ஒரு மணிக் கோட்டிலிருந்து அடுத்ததற்கு ஒரு சமயம் ஓடியது, இன்னொரு சமயம் ஊர்ந்தது. அவன் கோடுகளை அழித்து அழித்து வரைந்தான். இளைத்தே போனான்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்து சேர்ந்தார். அங்கே அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். நாற்பதைத் தொடுகிற வயது, கல்யாணம் ஆகவில்லை, ரஹாங்கில் அம்மாவோடு இருக்கிறார். அன்று நானும் சோறு கொண்டுபோயிருந்ததால் அவர்கள் பேசிய முதல் பேச்சைக் கேட்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இது ஜெய்ப்பூர் சாய்வுலா."

"ஆமாங்க டீச்சர். கரெக்டா அளந்துதான் வச்சேன்."

"அதான் பிரச்சனை. அங்க அந்தச் சாய்வு துருவ நட்சத்திரத்தப் பாக்கும். நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் எங்க இருக்கு, சொல்லுங்க?"

அவன் வடக்கே பார்த்தான். செம்பனைதான் இருந்தது.

"அந்த மரத்துக்குப் பின்னால. தரையோட தரையா கிடக்கும், பாக்கவே முடியாது. அப்ப உங்க படிக்கட்டும் தரையோட படுக்கணும்."

வேறொருவன் என்றால் முகம் சுருங்கியிருக்கும். இவன் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. இரண்டு மாத வேலை வீண் என்று சொன்ன ஒரு பெண்ணைப் பார்த்து அப்படிச் சிரித்த ஆம்பளையை நான் கண்டதில்லை. சோற்றுப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு நான் மெல்ல நகர்ந்துவிட்டேன். பொறுமை இல்லாதவள்தான், ஆனால் மண்டு இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் டீச்சரும் அவனும் சேர்ந்து செய்தது. தொழிற்சாலைக் கழிவிலிருந்து ஒரு தொங் வந்தது. எண்ணெய் வருகிற பெரிய இரும்புப் பீப்பாயை இங்கே நாங்கள் தொங் என்போம். அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைத் தொட்டி மாதிரி மல்லாத்தி, வடக்குத் தெற்காகச் சிமெண்டு மேடையில் உட்கார வைத்தார்கள். வாயின் நடுவில் நீளத்துக்கு ஒரு கம்பி. வடக்கு ஓரத்தைக் கொஞ்சம் தூக்க அடியில் நாலு டைல்ஸ் துண்டு. ஜெய்ப்பூர் ராஜாவுக்குக் கல்மலை தேவைப்பட்ட இடத்தில் நமக்கு நாலு டைல்ஸ் போதும். காலையில் சூரியன் கிழக்கே வந்தால் கம்பியின் நிழல் தொங்கின் மேற்கு விளிம்பில் விழும். வெயில் ஏற ஏறக் கீழே இறங்கும். உச்சியில் அடியைத் தொட்டு, சாயங்காலம் கிழக்கு விளிம்பில் ஏறி மறையும். ஓடாமல், ஊராமல், ஒரே நடையாக நடக்கும்.

முதல் மழையில் தொங் நிறைந்துவிட்டது. ஏடிஸ் கொசு வந்தால் சுகாதார இலாகாக்காரன் அபராதம் போடுவான் என்று தலைமையாசிரியர் பதறினார். தம்பி அடியில் ஓட்டை போட்டான். அந்தக் காலத்து ஆட்கள் செம்பில் ஓட்டை போட்டது நேரம் பார்க்க. என் தம்பி தொங்கில் ஓட்டை போட்டது டெங்கிக்கு.

ஒரு குறை பாக்கியிருந்தது. கைக்கடிகாரத்தைவிடத் தொங் ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தது. வந்தவர்களெல்லாம் "ஸ்லோவா ஓடுதே, பேட்டரி போச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தொங் சரி, கடிகாரம்தான் முந்திக்கொண்டிருக்கிறது என்று அவன் ஒவ்வொருவருக்கும் விளக்குவான். மலேசியா முழுக்க ஒரே மணியாக இருக்கட்டும் என்று, கிழக்கே கடல் தாண்டி இருக்கிற சபா சரவாக்கின் நேரத்தை நமக்கும் வைத்திருக்கிறார்கள். அதனால் சூரியனுக்குப் பன்னிரண்டு என்றால் நம் கையில் ஒன்றே காலுக்குப் பக்கம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, ஸ்லோதான் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். நானும் தலையாட்டினவள்தான்.

நான் தொங்கைக் கவனிக்கவில்லை. வேறொன்றைக் கவனித்தேன். மூன்றாவது வாரத்தில் டீச்சர் பேச்சிலிருந்து "அண்ணே" காணாமல் போனது. அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. வாக்கியங்கள் கூப்பிடு சொல் இல்லாமல் நடுவிலிருந்து தொடங்கின. ஒரு பெண் அப்படிப் பேச ஆரம்பித்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அவனை மாடியில் மடக்கினேன். காது சிவந்தது. "கேட்டுப் பாக்கறியாக்கா?" என்றான். தன் வாழ்க்கையில் அவன் தனக்காக என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவனைத் திட்டிவிட்டு ரஹாங்குக்குக் கிளம்பினேன்.

டீச்சரின் அம்மா சிலோன் தமிழர். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் கிராணி, ஆபீசில் உட்கார்ந்து பேர் எழுதினவர். என் அப்பா வெயிலில் நின்று பேர் கொடுத்துப் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். இதெல்லாம் பழைய கதை, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. தம்பி பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். பேச்சை இளக்க, நான் அவனுடைய வானியலை எடுத்துவிட்டேன்.

"அந்தக் காலத்து வானியல்காரங்க எல்லாக் கணக்கையும் இலங்கையில சூரியன் உதிக்கறத வச்சுத்தான் ஆரம்பிச்சாங்களாம் ஆன்ட்டி."

அவர் முகம் மலர்ந்தது. "ஓம், ஓம். எங்கட ஊரை வைச்சுத்தானே எல்லாம்."

"இல்லங்க ஆன்ட்டி" என்றான் என் தம்பி. "அவங்க இலங்கைன்னு சொன்ன இடம் பூமத்திய ரேகைல இருக்கு. மேப்புல பாத்தா அங்க வெறும் கடல்தான்."

அவன் காலை மிதித்தேன். அவனுக்கு அது எதற்கென்று புரியவில்லை. "ராத்திரியும் பகலும் எப்பவும் சமமா இருக்கற ஊர், சூரியன் செங்குத்தா ஏறி செங்குத்தா இறங்கற ஊர்னு கணக்குக்காக நினைச்சுக்கிட்டாங்க. அந்த மாதிரி இடத்துல அவங்க யாரும் வாழ்ந்ததில்ல. பாத்தா நம்ம ரெம்பாவ்தான் கிட்டத்தட்ட அப்படி இருக்கு." பொய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாத ஜென்மம்.

ஆன்ட்டி எழுந்தார். பிறகு, தேத்தண்ணி எடுக்க உதவி வேண்டும் என்று என்னை மட்டும் குசினிக்குக் கூப்பிட்டார். கெட்டில் கொதிக்கும்போது சொன்னார்.

"பிள்ளை, உங்கட தம்பியில எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னிலதான் குறை. பதினைஞ்சு வரியத்துக்கு முதல் இவளுக்கு ஒரு இடம் பொருந்தி வந்தது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னம் வந்து தட்டு மாத்திறதெண்டு பேச்சு. வழியில லோரி ஒண்டு பிரண்டு கிடந்ததாம். அவை வந்து சேர ஒன்பதரை. ராகு காலம். பத்தரை வரைக்கும் வெளியில நிக்கச் சொல்லியிருக்க வேணும். வெயிலுக்க வயசான மனுசர் நிக்கினமே எண்டு நான்தான் உள்ள வாங்கோ எண்டு கூப்பிட்டன். நாலு மாசத்தில அந்தப் பெடியன் வேண்டாம் எண்டிட்டான். அதுக்குப் பிறகு இவள் ஒருத்தரையும் பாக்க விடேல்லை. என்ர வாயால வந்த வினை."

நான் வாயைத் திறந்தேன். ராகு காலமாவது எமகண்டமாவது, நல்லவன் நல்லவன், கெட்டவன் கெட்டவன் என்று சொல்ல வந்தேன். ஆனால் அவர் தேத்தண்ணியைக் கப்புக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். கிராணி வீட்டுப் பெருமை சாக்குச் சொல்லப் போகிறது என்று முதுகை நிமிர்த்தி வந்தவள் நான். இங்கே ஒரு தாய் பதினைந்து வருஷமாகத் தன்னைத்தானே தண்டித்துக்கொண்டிருக்கிறாள். வந்த பேச்சை விழுங்கிவிட்டு, சிந்தின தேத்தண்ணியைத் துடைத்தேன்.

"சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில உந்தத் தொங்கைத் திறக்கினமாமே" என்றார் கடைசியில். "ராகு காலம் கழிய, பத்தே முக்காலுக்கு நான் வாறன். அவர் செய்ததைப் பாத்திட்டு, அங்க வைச்சு முடிவைச் சொல்லுறன். நல்ல நேரத்தில சொல்ல வேணும் பிள்ளை. இந்த முறை பிழை விட ஏலாது."

காரில் வரும்போது ஆன்ட்டி நேரம் பார்ப்பவர் என்று மட்டும் தம்பியிடம் சொன்னேன். அந்தப் பழைய கதையைச் சொல்லவில்லை. அதுவே வினையாயிற்று. ஆன்ட்டி மனம் குளிர வேண்டும் என்று அந்தத் தங்கக் கம்பி என்ன செய்தான் தெரியுமா? வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போய், தொங்கின் உட்புறத்தை விளிம்பிலிருந்து விளிம்பு வரை எட்டுச் சம பாகமாகப் பிரித்தான். பகலின் எட்டில் ஒரு பங்குதானே ராகு காலம். சனிக்கிழமைக்கு மூன்றாவது பங்கு. அதில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டான். டீச்சர் பக்கத்தில் நின்று மணி எண்களை எழுதியிருக்கிறார். அறிவியல் பேசுகிற இரண்டு மூளை, ஒன்றுக்குக்கூட உறைக்கவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

சனிக்கிழமை நல்ல வெயில். பெற்றோர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், பிள்ளைகள் என்று திடல் நிறைந்திருந்தது. மீ கோரெங் நூடுல்சும் சிவப்புச் சிராப் தண்ணீரும் மேசைமேல் தயார். என் கார் பூட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூவோடு ஒரு தட்டு துணி மூடி இருந்தது. ஆன்ட்டி சொன்னபடி பத்தே முக்காலுக்கு டாக்சியில் வந்து இறங்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பத்தரை தாண்டியாயிற்று என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

தொங்குக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். கம்பியின் நிழல் சிவப்புப் பட்டைக்குள் கிடந்தது.

"இது என்ன தம்பி, சிவப்பு?"

"ராகு காலம் ஆன்ட்டி. உங்களுக்காகத்தான் போட்டேன்."

"அப்ப நிழல் ஏன் அதுக்குள்ள நிக்குது? ராகு காலம் முடிஞ்சிட்டுதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீச்சருக்கும் உறைத்தது, கையை வாயில் வைத்துக்கொண்டார். சபா நேரம், ரெம்பாவ் சூரியன், தமிழ்நாட்டில் ஆறு மணிக்கு விடிவதாக வைத்துப் போட்ட காலண்டர். இந்த மூன்றையும் நாங்கள் யாரும் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. ஏழு தாண்டி விடிகிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆறு மணிக்கு விடிகிற ஊரின் ராகுவுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். ஏதாவது சொல்லிச் சமாளிடா என்று தம்பியைக் கண்ணால் கெஞ்சினேன். மேகம் மறைத்தது, கம்பி வளைந்தது, எதையாவது.

"முடியல ஆன்ட்டி" என்றான் அவன். "இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. சூரியனுக்கு இன்னும் பத்து மணியே ஆகல."

எனக்கு அவனை அந்தத் தொங்கிலேயே போட்டு மூட வேண்டும் போல இருந்தது.

ஆன்ட்டி நிமிரவில்லை. நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் மெதுவாக, "தம்பி, மணிக்கூட்டில ஒன்பதரை எண்டால், நிழல் எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

தம்பி விரலை உள்ளே விட்டு, சிவப்புக்கு முந்தின வெள்ளைப் பட்டையைத் தொட்டான். "இங்க. எட்டேகால், எட்டரை இருக்கும்."

"அது ராகு காலம் இல்லையோ?"

"இல்ல ஆன்ட்டி. அது சுத்தமான நேரம்."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ தம்பி. எந்த மாசமெண்டாலும்?"

"எந்த மாசம்னாலும். கொஞ்சம் முன்னப்பின்ன போகும், ஆனா செவப்புக்குள்ள வராது."

ஆன்ட்டி சிமெண்டு மேடையின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அப்ப அது என்னால இல்லை" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, காற்றிடம் சொன்னார். "நான் உள்ள கூப்பிட்டதால இல்லை." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். டீச்சர் ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பழைய கதையில் அம்மா தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது மகளுக்கும் அன்றுதான் தெரிந்தது என்பதை அவர் முகத்தில் கண்டேன். ஒன்றும் தெரியாமல் நின்றவன் என் தம்பி ஒருவன்தான். தான் என்னவோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்துச் சிராப் தண்ணீர் எடுத்துவர ஓடினான்.

அவன் திரும்பி வருவதற்குள் ஆன்ட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறொரு கணக்குக்குப் போய்விட்டார்.

"தம்பி, என்ர கலியாணமும் சனிக்கிழமைதான். பத்தரை கழிய, பத்தே முக்காலுக்குத் தாலி. சிரம்பான் கோயில்ல."

அவன் மனக்கணக்குப் போட்டான். "அப்ப மணி வேற ஆன்ட்டி. பின்னாலதான் சபா நேரத்துக்காக அரை மணி கூட்டுனாங்க. அதக் கழிச்சுப் பாத்தா..." விரல் சிவப்புப் பட்டையில் இறங்கி, நடுவைத் தாண்டி நின்றது. "இங்க."

"ராகு காலத்திலயோ?"

"ஆமா ஆன்ட்டி. நல்லா உள்ள."

ஆன்ட்டி அந்த விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "நாப்பது வரியம் பிள்ளை! ஒரு நாள் அந்த மனுசன் எனக்குக் குரலை உயர்த்திப் பேசினதில்லை. சம்பளத்தைக் கவரோட கொண்டுவந்து கையில தாற மனுசன். அவ்வளவும் ராகு காலத்துக்க கட்டின தாலி!" கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் தன் கல்யாண நேரத்தை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். அவருடைய மனைவி, "எனக்கு அப்பவே தெரியும்லா" என்றார். திடலே சிரித்தது.

ஆன்ட்டி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். "பிள்ளை, தட்டு கொண்டு வந்தனீங்களோ?"

"கார்ல இருக்கு ஆன்ட்டி."

"எடுங்கோ. இப்பவே கேளுங்கோ."

நான் தட்டை எடுத்துவந்தேன். வந்து தொங்கைப் பார்த்தேன். நிழல் சிவப்புக்குள்தான் இருந்தது, எங்கும் போகவில்லை. வாழ்நாள் முழுவதும் நேரம் பார்க்கிறவர்களைக் கேலி பண்ணினவள் நான். ஆனாலும் தட்டை நீட்டாமல் நின்றேன். இவனுக்கு இருப்பதே இந்த ஒரு கல்யாணம். பாழாய்ப் போன வாய், தானாகச் சொன்னது: "ஆன்ட்டி, எல்லாரும் சாப்பிட்டுட்டு... பன்னெண்டு மணிக்கு மேல வச்சுக்கலாமா?"

"ஏன் பிள்ளை, நீங்களும் நேரம் பாக்கிறனீங்களோ?"

தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். முப்பது வருஷக் கேலிக்கு ஒரே சிரிப்பில் வட்டியும் முதலும் வாங்கிக்கொண்டான். டீச்சர் பெயிண்ட் கறை போகாத கையைத் துடைத்தபடி, "அக்கா, சீக்கிரம் கேளுங்கலா. பிள்ளைங்கல்லாம் மீ கோரெங்கப் பாத்துக்கிட்டு நிக்குது" என்றார். அதற்கு மேல் சம்மதம் எப்படிச் சொல்வார்கள்? தட்டை நீட்டினேன். உங்க பொண்ண எங்க வீட்டுக்குக் குடுங்க என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது, அதைப் பற்றி எனக்கு வெட்கமில்லை. ஆன்ட்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கல்யாணம் ஆவணியில், ஒரு சனிக்கிழமை. பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்தபோது முகூர்த்தம் எத்தனை மணி என்று கடைக்காரர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் ஆன்ட்டி, பத்தே முக்கால் என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஆன்ட்டி, நிழல் அப்பவும் செவப்புலதான இருக்கும்?"

"நிக்கட்டும் பிள்ளை" என்றார். "அவரும் அங்க நிண்டுதான் எனக்குத் தாலி கட்டினவர்."